இனி வராது

மனைவி இறந்தபின் தனியாக இருந்த சூசைநாதனுக்கு ரோபோ அறுவை சிகிச்சையில் புராஸ்டேட் சுரப்பியை அகற்றியிருந்தார்கள். புற்றுநோய் திரும்புமா என்று கணிக்கும் இயந்திரத்தின் முடிவைக் கேட்க, மகன் ரீகனோடு தூத்துக்குடி மருத்துவமனைக்கு வந்திருந்தார்.

"இனி வரவே வராது" என்றார் டாக்டர்.

ரீகன் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதான். நோய் திரும்பும் என்றால் இங்கேயே தங்கிவிடுவதாகச் சொல்லியிருந்தவன் அவன்.

"அப்பா, அப்ப நான் வெள்ளிக்கிழமை கனடாவுக்குக் கெளம்பட்டுமா? வேலைக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க."

"தாராளமா போயிட்டு வாய்யா."

மகன் மருந்து வாங்கப் போனதும் சூசைநாதன் குரலைத் தாழ்த்தினார்.

"சார், அந்த மெஷின் தப்பாச் சொல்லியிருக்க வாய்ப்பிருக்கா?"

"பயப்படாதீங்க. இதுவரைக்கும் தப்பினதே இல்ல."

"பயத்துல கேக்கல சார்" என்று சொல்லிவிட்டு, வேட்டியைச் சரிசெய்தபடி எழுந்தார்.