ரெட் ஆங்கர்ஸா, சீரோ தேர்ட்டீனா?

"சீரோ தேர்ட்டீனா? அதெல்லாம் ஒரு பேண்டா? வெறும் சத்தம்!" என்றார் ஹியூபேட்.

ஷாமிலாவுக்குச் சங்கடமாக இருந்தது. வானொலியிலிருந்து பேட்டி எடுக்க வந்தவர் முன்னால் டாடி இப்படியா தொடங்க வேண்டும்?

வந்தவர் கோபித்துக்கொள்ளவில்லை. மெலிந்த மனிதர். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க். தனக்கு இருமல் என்று வாசலிலேயே சொல்லியிருந்தார். குரலும் அடைத்துப்போய் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"கொழும்பில கொட்டாஞ்சேனை ஆக்களுக்கு உங்கட ரெட் ஆங்கர்ஸ்தான் பேண்ட். வெள்ளவத்தை ஆக்களுக்கு சீரோ தேர்ட்டீன். ரெண்டையும் நீங்களே ஒப்பிட்டுச் சொன்னா நல்லா இருக்கும், சேர்."

ஹியூபேட் ரெட் ஆங்கர்ஸைத் தொடங்கியபோது ஷாமிலா பிறந்திருக்கவேயில்லை. தமிழில் ரொக் பாடுவதா என்று கோயில் முற்றத்தில் நின்று சிரித்தவர்களே, பிறகு திருவிழாவுக்குத் திருவிழா அவர்களைத் தேடி வந்தார்கள். ஹியூபேட்டின் பக்கத்தில் நின்று பாடியவர் ஒஸ்வால்ட். ஒரு நாள் பெரிய சண்டை. ஒஸ்வால்ட் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு போய், வெள்ளவத்தையில் இளம் பொடியன்களைச் சேர்த்து சீரோ தேர்ட்டீனைத் தொடங்கினார். ஷாமிலா அப்போது கைக்குழந்தை. அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அவர் பெயரை எடுத்ததில்லை. சீனி வருத்தம் என்னும் நீரிழிவில் கண் இரண்டும் போய், மேடை ஏறுவதை நிறுத்திய பின்பும் ஹியூபேட்டின் கோபம் மட்டும் குறையவில்லை.

"சொல்லுறன், கேளுங்கோ," என்றார் ஹியூபேட். "எங்கட பேண்ட் கருங்கல்லு மாதிரி. மழை கொட்டி வயர் எல்லாம் நனைஞ்சாலும் மேடையால இறங்கமாட்டம். அவங்கள்? கீபோர்ட், கம்ப்யூட்டர், கலர் லைட். போதாக்குறைக்குப் புகை வேற!"

"பாட்டு எப்பிடி, சேர்?"

ஹியூபேட் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வந்தவர் தன் போனில் ஒரு பாட்டைப் போட்டார். சீரோ தேர்ட்டீனின் புதிய பாட்டு. ஹியூபேட்டின் விரல்கள் கதிரையின் கைப்பிடியில் தாளம் போடத் தொடங்கின. இரண்டு வரி போனதும் தலையை நிமிர்த்தினார்.

"இது ஒஸ்வால்ட் இல்ல. ஏன் வேற பொடியன் பாடுறான்?"

"அவருக்குச் சுகமில்ல, சேர். இனிப் பாடமாட்டாராம்."

தாளம் நின்றது.

"பாட்டை நிப்பாட்டுங்கோ."

ஷாமிலா பதறிப்போனாள். டாடி ஏதாவது ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஹியூபேட்டின் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்து வந்தது.

"நான் முதல் சொன்னதை விடுங்கோ. இப்ப சொல்லுறதுதான் உண்மை. அவன் போன நாளோட ரெட் ஆங்கர்ஸ் நிண்டுபோச்சு. அதுக்குப் பிறகு நாங்கள் ஒரு புதுப் பாட்டும் செய்யேல்ல. பழைய பாட்டுகளையே செபமாலை மாதிரி உருட்டிக்கொண்டிருந்தம். சனமும் பழக்கதோசத்தில கை தட்டினது. எங்கட பாட்டில கோபம் இருந்தது, அவ்வளவுதான். அவன் ஆக்களைப் பாடினான். துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்பி வராதவனைப் பாடினான். மட்டக்குளியில வெள்ளம் வந்து பாயைத் தலையில வச்சுக்கொண்டு நிண்ட பொம்பிளையைப் பாடினான். அந்தப் பாட்டை அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு எத்தனை தரம் கேட்டிருப்பன் எண்டு எனக்கே தெரியாது."

கதவு பூட்டியிருந்த நேரமெல்லாம் டாடி தூங்குகிறார் என்றே ஷாமிலாவும் அம்மாவும் நினைத்திருந்தார்கள்.

வந்தவர் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப... அவர் விட்டிட்டுப் போனது சரியோ, சேர்?" என்றார். பாதிச் சொல் வெளியே வரவில்லை.

"சரிதான். முன்னுக்கு நிண்டு பாட வேண்டிய ரெண்டு பேரை ஒரு மேடை தாங்காது. இருந்திருந்தா எனக்குப் பின்னால கோரஸ் பாடியே அவன் கிழவனாகியிருப்பான். அவன்ட பேண்ட்தான் பெரிசு. அதையும் போடுங்கோ ரேடியோவில."

"இதை நீங்கள் அவரிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"அவன் கேக்கேல்ல. கேட்டாச் சொல்லியிருப்பன்."

ஷாமிலா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. வந்தவர் எழுந்தார். ஹியூபேட்டின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விடவில்லை. ஹியூபேட்டும் கையை இழுக்கவில்லை.

"படி இருட்டு. பாத்து இறங்குங்கோ," என்று மட்டும் சொன்னார்.

அந்த மனிதர் கைப்பிடியைப் பற்றி, இடையில் நின்று நின்று மாடிப்படி இறங்குவதை ஷாமிலா வாசலிலிருந்து பார்த்தாள். கீழே போனதும் மாஸ்க்கை இறக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் உள்ளே வந்தாள். "பாவம் டாடி, அந்த அங்கிள் அழுதுகொண்டு போறார். ரேடியோவில எப்ப போடுவாங்கள் எண்டு கேக்க மறந்திட்டன்."

"போடமாட்டாங்கள், மகள். அவன் ரேடியோக்காரன் இல்ல. ஒஸ்வால்ட்."

ஷாமிலா வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாசல்ல மூச்சு எடுக்கேக்கயே தெரிஞ்சிட்டுது. எத்தனை வருசம் என்னோட ஒரே மைக்கில பாடினவன்!"

"தெரிஞ்சுகொண்டு ஏன் டாடி பேர் சொல்லிக் கூப்பிடேல்ல?"

"கூப்பிட்டிருந்தா ரெண்டு பேரும் பழைய சண்டையைத்தான் துவங்கியிருப்பம்," என்றார் ஹியூபேட். "அதுக்கு அவனிட்ட இனி மூச்சுப் போதாது, மகள்."