கடைசி நாள் கையெழுத்து

“கையெழுத்து போட மாட்டேன். இந்த மேல்தளத்தைப் பிரிச்சாகணும்.”

இன்ஜினீயர் தேசிகன் இப்படிச் சொன்னதும், புதுப் பள்ளிக்கூடத் திறப்புக்கு வந்திருந்த மேளக்காரர் மேளத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டார்.

1960, மார்ச் 31. விடிந்தால் சத்தியவேடு தாலுகாவே சென்னை ராஜ்யத்தை விட்டு ஆந்திராவுக்குப் போகிறது. அதற்குள் ‘கட்டடம் சரி’ என்று இன்ஜினீயரிடம் கையெழுத்து வாங்கிப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார் பஞ்சாயத்துத் தலைவர் நாகபூஷணம்.

“இன்னா சார், வேணும்னே பண்றீங்களா? இனிமே ஆந்திரா ஊருதானே, பசங்க மரத்தடியிலயே படிக்கட்டும்னா?”

“பசங்க தலையில விழக் கூடாதுன்னுதான் சொல்றேன். உத்தரத்தைப் பாருங்க, இப்பவே நடுவுல தொய்ஞ்சிருக்கு. ஒரு பெருமழை தாங்காது.”

எல்லோரும் மேஸ்திரி கன்னையா பக்கம் திரும்பினார்கள்.

“நல்ல மரத்தை வித்துத் துன்னுட்டியாடா?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

கன்னையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “எம்புள்ளைங்க மேல சத்தியம்! ஆபீஸ்லேர்ந்து வந்த பிளான்ல இருந்தபடிதான் கட்டினேன். சார், நீங்களாவது சொல்லுங்க!”

தேசிகன் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். பாவம் கன்னையா. இந்தக் கெட்ட பேர் ஒட்டிக்கொண்டால் இனி மாட்டுக்கொட்டகை கட்டக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள்.

நாகபூஷணம் தேசிகனை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். குரல் இறங்கியது.

“சார், கையெழுத்தைப் போட்டுட்டுப் போய்க்கினே இருங்க. நாளைக்கு ஃபைலெல்லாம் சித்தூருக்குப் பூடும். அப்புறம் இடிஞ்சே வியுந்தாலும் எவரு அடுகுதாரு? உங்களை ஒருத்தனும் கேக்க மாட்டான்.”

“தெரியும். அதனாலதான் இன்னிக்கே எழுதறேன்.”

“அந்த மேஸ்திரி மேல அப்படி இன்னா சார் கோவம் உங்களுக்கு?”

தேசிகன் தாளை அவர் கையில் கொடுத்தார். “எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க.”

நாகபூஷணம் கூட்டத்துக்கு நடுவே வந்து உரக்கப் படித்தார்:

‘மேல்தளத்தைப் பிரித்துக் கட்ட வேண்டும். மேஸ்திரி கன்னையா மேல் எந்தக் குற்றமும் இல்லை. பிளானில் உள்ளபடியே கட்டியிருக்கிறார். கூடத்தை நாலடி அகலப்படுத்தியபோது உத்தரத்தின் கனத்தைக் கூட்டாமல் விட்டது பிளான் போட்டவரின் தவறு. பிளான் போட்டவன் நான். இப்படிக்கு, தேசிகன்.’