பிந்தி வந்த பேராசிரியர்

“அரை மணித்தியாலமாப் பார்த்துக்கொண்டிருக்கம். பேராசிரியரம்மாவ இன்னும் காணல்ல!”

மைக்கைப் பிடித்தபடி பொரிந்தார் வாசகர் வட்டத் தலைவர் இளையதம்பி. அமிர்தகழிக் கோயில் குளத்துத் தீர்த்தத்துக்கு ஊரே கூடும் நாளில், நூலக தகவல் விஞ்ஞானப் பேராசிரியர் ஓட்றிக்குப் பொன்னாடை போர்த்த மேடை போட்டவரும் அவர்தான்.

“தச்சுவேலை யூஸ்டஸிட மகள். தகப்பன் நூலகத்துக்கு அலுமாரி அடிச்சார். மகள், அந்த அலுமாரியில ஆக்கள் எப்படித் தேடுறாங்க எண்டு முப்பது வருசமா ஆராய்ச்சி! தேடுறதுக்கு என்னத்துக்கு ஆராய்ச்சி? கண் இருந்தாக் காணும்!”

சனம் சிரித்தது.

அதே நேரம் ஓட்றி, கோயில் வீதிக் கோடியில், தவறவிடப்பட்ட பிள்ளைகளுக்கான கொட்டகையில் மணலில் குந்தியிருந்தார். எதிரே, மேடைக்கு வரும் வழியில் அவர் கண்டு கூட்டிவந்த, ஊதுகுழலோடு ஒரு நாலு வயதுச் சிறுமி.

தீர்த்தத்தன்று தொலைவது சுலபம். ஒருமுறை யானையொன்று தொலைந்து, பின்னேரமே வளையல் கடைக்குள் கண்டெடுத்தார்கள். பாகனைக் கண்டெடுக்கத்தான் மூன்று நாளாயிற்று.

“அப்பாட பேரென்ன?” அறிவிப்பாளர் றோகான் திரும்பவும் கேட்டார்.

“அப்பா.”

“வீடு எங்க?”

“எங்கட வீட்ட.”

றோகான் தலையைச் சொறிந்தார். “மிஸ், நீங்க போங்க. அங்க மேடை காத்திருக்கு.”

“மேடை தொலைஞ்சுபோகாது றோகான். நூலகத்துக்கு வாற ஆக்களிலயும் பாதிப் பேருக்குத் தங்களுக்கு என்ன வேணுமெண்டு சொல்லத் தெரியா. அதைக் கேக்கப்படாது. அதுக்குப் பக்கத்தில என்ன இருந்த எண்டு கேக்கணும்.”

இதைச் சொன்னதற்குத்தான் ஏழு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அவரை அழைத்திருந்தன.

“மகள், ஊதுகுழல் பார்க்க வர முதல் எங்க இருந்தீங்க?”

“கதிரையில.”

“பக்கத்தில யாரு?”

“அம்மப்பா.”

“அவர் என்ன செய்தார்?”

சிறுமி ஊதுகுழலை வாயருகே பிடித்தாள். “ஹலோ, ஹலோ... வன், டூ, திரீ!”

“மடியில என்ன வச்சிருந்தார்?”

“மினுங்கிற சால்வை. தொட்டதுக்கு ஏசினார். ஆரோ ஒரு மிஸ்ஸுக்காம்.”

ஓட்றி சிரித்தபடி எழுந்து பிள்ளையின் கையைப் பிடித்தார்.

மேடையில் இளையதம்பி இன்னும் ஓயவில்லை. “படிப்புக் கூடினாத் தலைக்கனமும்...”

“அப்பா!” தீர்த்தமாடிய ஈரத்தலையோடு மகள் தக்ஷாயினி மேடையடியில் நின்றாள். “கஜானி எங்க? உங்களிட்டத்தானே விட்டுட்டுப் போன நான்?”

இளையதம்பி திரும்பினார். கதிரை வெறுமையாய்க் கிடந்தது. குளத்துப் பக்கம் பார்த்தார். மைக்கில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.

“அம்மப்பா!”

சனத்தை விலக்கிக்கொண்டு ஊதுகுழல் முன்னால் வந்தது. பின்னால், சேலையெல்லாம் மணலோடு ஓட்றி.

தக்ஷாயினி பிள்ளையை அள்ளிக்கொண்டு தகப்பனை ஒரு பார்வை பார்த்தாள். சனமும் பார்த்தது.

ஓட்றி மேடையேறி, அவர் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கினார்.

“பிந்தினதுக்கு மன்னிக்கணும். பிறந்த ஊரிலயே எனக்குப் பாதை பிசகிட்டு. நல்ல காலம், ஐயாட பேத்தி என்னைக் கண்டுபிடிச்சா.”