கறை தெரியாத நிறம்

சாப்பாட்டு மேசைக்கு வாய் துடைக்கும் துணி தைக்க, ஸ்ஃபாக்ஸ் நகரச் சந்தையில் பருத்தி பார்க்கிறேன். கூரை இடுக்கு வழியே விழும் வெயிலில் விரித்த வெள்ளைச் சுருளில் கடைக்காரர் மொன்சிஃப் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுகிறார். துணி உடனே குடித்துவிடுகிறது. "பாத்தீங்களா அக்கா, என் மருமகன் காப்பி குடிக்கிற வேகம்!" "கருஞ்சிவப்பைக் காட்டுங்க" என்கிறேன். "தினம் துடைக்கிறதுக்கா? கறை தெரிஞ்சாத்தானே வெளுக்க முடியும்?" என்றபடி கருஞ்சிவப்புச் சுருளை எடுத்து வைக்கிறார். மருத்துவர் கைவிரித்த நாளிலிருந்து என் கணவர் ஹெதி மேசையில் இருமிவிட்டு, ரத்தம் உள்ளே போகும்படி துணியை மடிக்கிறார். நானும் பிள்ளைகளும் எங்கள் கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். கடை வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற ஹெதி உள்ளே வந்து கருஞ்சிவப்பின் மேல் கை வைக்கிறார். "இதையே வெட்டுங்க. எங்க அஞ்சு பேருக்கும் ஒரே நிறம்." என்னைப் பார்க்கவில்லை. கத்தரிக்கோல் சிவப்பில் ஓடுகிறது. வெள்ளையில் விழுந்த சொட்டு அதற்குள் காய்ந்து, இடம் தெரியாமல் போயிருக்கிறது.