கழற்றாத ஷூ

கதவைத் திறந்த சிறுமியின் காலில் ஷூ இல்லை.

குழந்தைகள் நல மேற்பார்வையாளர் வாசலிலேயே நின்று அந்தக் கால்களைப் பார்த்தார். ஈரக்கால்கள். கட்டைவிரல் நகத்தில் மட்டும் சிவப்புப் பூச்சு, அதுவும் பாதி தோலில்.

வீடு மாறி வந்துவிட்டோமோ?

இல்லை. உள்ளேயிருந்து கேட்டது சிறுமியை வளர்க்கும், வேன் ஓட்டும் அந்த அம்மாவின் குரல்தான். போனிலும் இப்படித்தான், எதிர்வீட்டு மாடியில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோலப் பேசுவார்.

"யாரு கண்ணு? தரை ஈரம், வழுக்கும், பார்த்து வரச் சொல்லு!"

இந்த வளர்ப்பு வீட்டில் குழந்தை ஒட்டவே இல்லை என்றுதான் காலையில் களப்பணியாளர் சொல்லியிருந்தாள். பொய் சொல்கிற பெண் அல்ல. சிறுமியை முதல் நாளிலிருந்து பார்த்துக்கொள்பவள். இதற்கு முன்பிருந்த மூன்று வீடுகளிலிருந்தும் தன் ஸ்கூட்டரிலேயே உட்காரவைத்து அழைத்து வந்தவள்.

"எப்பப் போனாலும் ஷூவைக் கழட்டாம, பையை மடியில வச்சிக்கிட்டு வாசப்பக்கமே உட்கார்ந்திருக்கு மேடம். வாயே திறக்கறதில்ல. அந்தம்மா என்னடான்னா, நாள் பூரா ஒரே ஆட்டம்தாங்கறாங்க. எல்லா வீட்லயும் இதே பாட்டுதான்."

வேறு வீடு பார்த்து வைத்தாயிற்று. மேற்பார்வையாளர் சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கே மாற்றிவிடலாம்.

சொல்வதற்கு முன் ஒருமுறை நேரில் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினார். இருவரும் சேர்ந்து வருவதாகத்தான் ஏற்பாடு. களப்பணியாளருக்கு இன்னொரு வீட்டில் வேலை இழுத்துவிட்டது. "நீங்க முன்னாடி போங்க மேடம், பின்னாடியே வந்துடறேன்."

செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார்.

கூடத்தின் நடுவில் ஒரு வாளி, நுரை, துடைப்பம். முழங்கால்வரை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நின்ற வேன் அம்மா, வந்தவரைப் பார்த்ததும் நிமிர்ந்தார். முகத்திலிருந்த சிரிப்பு நின்றுபோனது.

"மேடம், நீங்க ஆபீஸ்..."

மேற்பார்வையாளர் கண்ணாலேயே வேண்டாமென்றார். அடையாள அட்டையும் பைக்குள்ளேயே இருந்தது.

சிறுமி அந்தத் தோள்பையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இவ்ளோ பெரிய பையா? இங்கேயே தங்கப் போறீங்களா?"

"தங்கலாமா?"

"என் ரூம்ல இடம் இருக்கு. ஆனா வேன் அம்மா குறட்டை சுவத்தைத் தாண்டி வரும்."

"அடிப்பாவி! குறட்டை விடறது நானா, நீயா?"

"தூங்கிட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே யோசித்தார். களப்பணியாளர் சொன்னது பொய்யாக இருக்காது. இந்தக் குழந்தைக்கும் நடிக்கத் தெரியாது. அப்படியானால்?

"உன் ஷூ எங்க கண்ணு?"

"கட்டிலுக்கு அடியில."

"ஏன் அங்க வச்சிருக்க?"

"சீக்கிரமா எடுக்கலாம்ல?" இதுகூடத் தெரியாதா என்பதுபோல அவரைப் பார்த்துவிட்டு, ஈரத்தரையில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சறுக்கினாள்.

தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் இருமியது. சளிபிடித்த கிழவரைப்போல இரண்டு முறை இருமி, பிறகு உறுமியது.

சிறுமி பாதிச் சறுக்கலில் நின்றாள்.

உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது காலில் ஷூ, கயிற்றில் இரட்டை முடிச்சு. கையில் பை. வாசற்பக்க நாற்காலியில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டாள். முகம் ஷட்டர் இறக்கிய கடைபோல ஆகிவிட்டது.

"இதைத்தான் தலைபாடா அடிச்சிக்கிட்டேன் மேடம்," என்றார் வேன் அம்மா, அவருக்கு வராத மெல்லிய குரலில். "யாரு காதுல வாங்கினாங்க?"

ஸ்கூட்டர் வெளியே வந்து நின்றது.

சிறுமி மேற்பார்வையாளரைப் பார்த்தாள். அவருடைய பையைப் பார்த்தாள். அவருடைய வெறுங்காலைப் பார்த்ததும் சட்டென்று இறங்கி, வாசலிலிருந்த செருப்பை இரண்டு கையாலும் எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தாள். ஜோடியாக, முனை வாசலைப் பார்க்கும்படி.

"சீக்கிரம் போட்டுக்கோங்க. அந்த அக்கா வந்தா கிளம்பணும்."

சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்கு ஓடிப்போனாள்.

களப்பணியாளர் ஹெல்மெட்டும் கையுமாக மூச்சிரைக்க நுழைந்தாள். சிறுமியைப் பார்த்து அன்பாகத்தான் சிரித்தாள். பதிலுக்குச் சிரிப்பு வரவில்லை. மேற்பார்வையாளரின் காதருகே குனிந்தாள்.

"பார்த்தீங்களா மேடம்? நான் சொன்னேன்ல?"

"பார்த்தேன்."

"அப்போ கிளம்பலாமா?"

வேன் அம்மா துடைப்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேற்பார்வையாளர் செருப்பை ஒரு காலால் ஒதுக்கித் தள்ளினார். பக்கத்திலிருந்த இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் தூக்கி அதன் மேலேயே சப்பணம் போட்டுக்கொண்டார்.

"நான் கிளம்பலை. நீயும் உட்காரும்மா, பேசணும்."

சிறுமி அந்தச் சப்பணத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு இறங்கிப் போய் வேன் அம்மாவின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து, எல்லாருக்கும் கேட்கும்படியான ஒரு ரகசியக் குரலில் கேட்டாள்.

"கிளம்பலைன்னு சொல்லலாமா?"