கதவைத் தட்டியது யார்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இனிமேல் வரப்போகிற காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் ஒரு கதையின் முடிவு இப்படியும் அப்படியுமாக இருந்தால், வாசகர் வட்டத்தில் கை தூக்கித் தீர்மானிப்பார்கள். தீர்மானித்தபடி, எல்லார் கையிலும் இருக்கும் பிரதிகளில் கடைசி வரி உடனே தானாக மாறிவிடும். தூத்துக்குடி வட்டத்தில் அன்று தீர்மானத்துக்கு வந்தது, எல்லாரும் ரொம்ப நாளாகப் படித்துவந்த, நிலாவுக்குப் போய்த் தொலைந்த மகனின் கதை. கடைசி வரியில் யாரோ வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். யாரென்று எழுதவில்லை.

"காத்துதான் தட்டுச்சு. மகன் வந்துட்டா அது கதையில்ல, சினிமா!" என்றாள் வடிவு டீச்சர். எல்லாரும் சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள். கடைசி வரி மாறியது.

கூட்டம் கலைந்த பின்னும், வட்டத்தில் ஒருவரான சூசைராஜ் புத்தகத்தை மூடவில்லை. அவர் மகன் நிலாச் சுரங்க வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகத் தகவலில்லை. அது டீச்சருக்கும் தெரியும். பேச்சு ருசியில் மறந்துபோனாள்.

"தெனமும் அந்தப் பழைய கடைசி வரியப் படிச்சிட்டுத்தான் டீச்சர் சோத்துல கை வைப்பேன்."

"அண்ணாச்சி, நீங்களாவது வேண்டாம்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிச் சொல்ல? நீங்க அவ்வளவு அழகா பேசினீங்க. நானும் கை தூக்கிட்டேன்."

அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, எதிரே கிடந்த செருப்பையே வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தாள் டீச்சர்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எங்கே போனாலும் நல்லபடியாகத் திரும்பி வரட்டும், கண்ணுகளா.