படத்துக்குக் கீழே பேர்

திருமுருகன் ராத்திரியில் எடுத்த ஆவடி ஏரிக்கரை ரோட்டுப் படம் வாட்ஸ்அப்பில் பரவ, கவுன்சிலரே பொன்னாடையோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ரோடு பகல் மாதிரி பளிச்சுனு கீது. எப்டி சார் எடுத்தீங்க?"

"லைட் பெயின்டிங். கேமரா ஷட்டரைத் திறந்து வச்சிட்டு, இருட்டுல டார்ச் அடிச்சிக்கிட்டே ரோடு முழுக்க நடந்தேன்."

"அப்டியே பேனரா வச்சிரலாம் சார்."

"கீழே என் பேர் போடுவீங்களா?"

"பெருசாவே போட்டுரலாம்."

கலை தெரிந்த அரசியல்வாதி ஒருத்தராவது ஊரில் இருக்கிறாரே என்று திருமுருகன் உருகிப்போனார்.

மறுநாள் ராத்திரி, மனைவி வர்ஷாவை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். கும்மிருட்டில் பேனர் இருக்கும் இடமே தெரியவில்லை. டார்ச் அடித்தார். வர்ஷா படித்தாள்:

"ஏரிக்கரை ரோட்டுக்குத் தெருவிளக்கு தந்த கவுன்சிலர் அண்ணனுக்கு நன்றி. இவண், திருமுருகன்."